யோசனையும் மனநிலையும்: உளவளத்துணையில் ஒரு நோக்கு

ஈழத்துப் பேச்சுத் தமிழில் 'யோசனை' என்னும் சொல் இருபொருள்பட வழங்குகின்றது. சிந்தித்தலும் யோசனை, கவலையில் அமிழ்ந்திருத்தலும் யோசனை. "என்ன யோசிக்கிறாய்?" என்று கேட்பவர் மற்றவரின் கருத்தை அறிய விரும்புகிறாரா, முகவாட்டத்தின் காரணத்தை அறிய விரும்புகிறாரா என்பது குரலிலிருந்தே தெரியவரும். "யோசிக்காதேயுங்கோ" என்று ஆறுதல் கூறுபவரோ சிந்தனையைக் கைவிடுமாறு கூறவில்லை. துயரத்தைக் கைவிடுமாறே கூறுகிறார். வைத்தியரிடம் செல்லும் ஒருவர் "யோசனை கூடிப்போச்சு, நித்திரை இல்லை" என்று சொல்லும்பொழுது அதனை நோயின் பெயராகவே சொல்கிறார். இத்தகைய வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மிகையாகச் சிந்தித்தலை உளத்துன்பத்தின் பெயராகக் கொள்ளும் மொழிகள் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல உள்ளன. துயரம் சிந்தனையைப் பிறப்பிக்கின்றதா, சிந்தனை துயரத்தைப் பிறப்பிக்கின்றதா என்னும் வினாவினை, விடை கூறாமலே, இச்சொல் தன்னுள் அடக்கி வைத்துள்ளது. கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக உளவியலாளர் ஆராய்ந்துவரும் வினாவும் அதுவே. உளவளத்துணை என நாம் வழங்கும் பணியின் போக்கு, பெரும்பாலும் இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையிலேயே தங்கியுள்ளது.

முதலில் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். மனவெழுச்சி ஒரு பொருளைப் பற்றி எழுவது. சிறிது நேரம் நிற்பது. பாம்பைக் கண்டு அஞ்சுகிறோம்; பழிச்சொல் கேட்டுச் சினக்கிறோம். மனநிலை அவ்வாறன்று. அதற்குக் குறித்த பொருள் இருப்பதில்லை. நாட்கணக்கில், ஏன், மாதக்கணக்கிலும் நீடிக்கக்கூடும். காலையில் ஏற்பட்ட சினத்துக்குக் காரணம் கேட்டால் சொல்லிவிடுவோம். மாலையில் கவிந்த சோர்வுக்குக் காரணம் கேட்டால், தேடிப்பிடித்து எதையேனும் ஒன்றைச் சொல்வோம். இந்தத் 'தேடிப்பிடித்தல்' பின்னர் நமக்குத் தேவைப்படும்.

மனவெழுச்சிக்கும் அது எழும் நிலைக்களத்துக்கும் உள்ள தொடர்பு நம்மவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். அழுகைக்கு அவர் வகுத்தவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதலும், உள்ளதை இழத்தலும், முன்னைய நிலையினின்றும் தாழ்தலும், இல்லாமையும் ஒரே கண்ணீராக வெளிப்படக்கூடும் என்பதனை அறிந்தே அவர் இவ்வாறு பகுத்தார் எனலாம். இன்று உளவளத்துணையாளர் ஒருவர் அழுதுகொண்டிருப்பவர் முன் அமர்ந்து கேட்டறிய வேண்டிய முதலாவது செய்தியும் இதுவே: இந்த அழுகை நான்கனுள் எது? இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இவ்வியலை வாய்பாடாகவே கடந்து செல்வது வருந்தத்தக்கது.

மேனாட்டு உளவியலில் இத்தொடர்பினைச் சிகிச்சை முறையாக வளர்த்தவர் அமெரிக்க உளமருத்துவர் ஏரன் பெக். உளப்பகுப்பாய்விற் பயிற்சி பெற்ற அவர், மனச்சோர்வுற்றோரின் சிந்தனையைப் பற்றி 1963இல் எழுதிய கட்டுரையில், அவர்களுடைய எண்ணங்களில் ஓர் ஒழுங்கு காணப்படுவதை எடுத்துக்காட்டினார். தன்னைப் பற்றி, உலகைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என மூன்று திசைகளிலும் அவ்வெண்ணங்கள் இருண்டிருந்தன. அவ்வெண்ணங்களை நோயாளரோடு சேர்ந்து ஆராய்ந்து திருத்தினால் சோர்வு தணியும் என்பது அவர் கண்ட வழி. அல்பேட் எல்லிஸ் 1950களின் நடுப்பகுதியிலேயே இதனையொத்த முறையொன்றைத் தொடங்கியிருந்தார். 1979இல் பெக்கும் சகாக்களும் வெளியிட்ட நூலோடு இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று. சிந்தனையிலிருந்து துயரம் பிறக்கின்றது என்பது இதன் அடிப்படை.

ஆயின் எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டென்பதைக் காட்டும் ஆய்வுகள் அதே காலப்பகுதியில் வெளிவந்தன. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் பவர் 1981இல் வெளியிட்ட கட்டுரை இவற்றுட் புகழ்பெற்றது. மாணவர்களை அறிதுயில் மூலம் மகிழ்ச்சியான அல்லது துயரமான மனநிலைக்கு உட்படுத்தி, இருவரைப் பற்றிய கதையொன்றை அவர் வாசிக்கச் செய்தார். கதையில் ஒருவனுக்கு எல்லாம் கைகூடுகின்றது. மற்றவனுக்கு எதுவும் கைகூடுவதில்லை. மகிழ்ச்சியில் இருந்தோர் முதலாமவனோடும், துயரில் இருந்தோர் இரண்டாமவனோடும் ஒன்றினர். தத்தம் மனநிலைக்கு இசைந்த செய்திகளையே பிற்பாடும் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். கதை ஒன்றே, வாசித்த மனம் வேறு. கற்றவேளையில் இருந்த மனநிலைக்குத் திரும்பினால் கற்றது எளிதில் நினைவுக்கு வரும் என்று பவர் கூறிய பிறிதொரு முடிவு, சில ஆண்டுகளின் பின் அவராலேயே மீளப் பெறமுடியாது போயிற்று. மனநிலைக்கு இசைந்தன நினைவில் மேலெழும் என்னும் முடிவோ இன்றுவரை பெரிதும் நிலைத்து நிற்கின்றது.

பவரின் மாணவர்கள் நோயாளரல்லர். அவ்வகையில் கிளார்க், ரீஸ்டேல் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் இருவர் 1982இல் வெளியிட்ட ஆய்வே நமது நோக்கத்துக்கு நெருங்கியது. மனச்சோர்வுற்றோர் சிலருக்கு ஒரே நாளில் ஒருவேளை சோர்வு மிகுந்தும் மற்றொருவேளை தணிந்தும் காணப்படுவது மருத்துவர் அறிந்ததே. இத்தகையோரை இரு வேளைகளிலும் சந்தித்து, கடந்தகால அனுபவங்களை நினைவுகூருமாறு அவர்கள் கேட்டனர். சோர்வு மிகுந்த வேளையில் துயர நினைவுகளே மிகுந்து வந்தன. தணிந்த வேளையில் இன்ப நினைவுகள் கூடின. ஆள் ஒருவரே, வாழ்வு ஒன்றே, இடையிற் கழிந்தவை சில மணிநேரங்களே. எனினும் காலையில் அவர் கூறிய வாழ்க்கை வரலாறும் மாலையில் அவர் கூறிய வாழ்க்கை வரலாறும் வேறுவேறாயின.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வத்தளையில் வாழும் ஒரு தாயைக் கற்பனை செய்து கொள்வோம். கணவர் கட்டாரில் தொழில் புரிகிறார். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திற் சித்தியடையவில்லை. "நான் நல்ல தாயா இருந்ததே இல்லை" என்கிறார் அவர். அயல்வீட்டுப் பெண், "அக்கா, இதுக்கெல்லாம் ஏன் யோசிக்கிறீங்கள்? அடுத்தமுறை எழுதலாம்தானே" என்கிறார். தாய் உடனே மறுக்கிறார்: "உங்களுக்குத் தெரியாது. அவன் சின்னனில காய்ச்சலாக் கிடக்கேக்குள்ளயும் நான் வேலைக்குப் போனனான்." அயலவர் வேறொரு சமாதானம் சொல்கிறார். தாய்க்குப் பிறிதொரு குற்றம் நினைவுக்கு வருகின்றது. இவ்வுரையாடல் எவ்வளவு நேரம் தொடர்ந்தாலும் வெல்பவர் தாயே. பதினாறு ஆண்டுகளில் தாம் செய்யத் தவறியன யாவும் வரிசையாக வந்து அவருக்குச் சான்று கூறுகின்றன. செய்து முடித்த ஆயிரமோ அழைத்தாலும் வருவதில்லை. அவர் பொய் கூறவில்லை என்பதை இங்குக் கவனித்தல் வேண்டும். காய்ச்சல் நாளில் வேலைக்குச் சென்றது உண்மையே. ஒவ்வொரு சான்றும் மெய். சான்றுகளைத் தெரிந்தெடுத்தது மட்டும் மனநிலை. ஆகவே வாதத்தால் அவரை மீட்க முயல்பவர், எதிர்த்தரப்புச் சாட்சிகள் எவரும் அழைக்கப்படாத வழக்கொன்றில் வாதாடுகிறார்.

புத்திமதியையே ஆறுதலாகக் கருதும் நமது சமூகத்தில் இது எளிதில் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. மாமனும் ஆசிரியரும் குருவானவரும் ஐயரும் தத்தமக்குரிய நல்லுரையை வழங்குவர். நல்லுரையில் தவறில்லை. அது நுழையும் வாசல் அவ்வேளையில் திறந்திருக்கவில்லை என்பதே குறை. கார்ல் றொஜர்ஸ் 1950களில் வலியுறுத்திய 'ஒத்துணர்தல்' இவ்விடத்தில் வெறும் அன்புடைமையாக அன்றி, சிந்தனைக்கு வழிசெய்யும் செயலாகவும் விளங்குகின்றது. உணர்வு விளங்கிக்கொள்ளப்பட்டது என்பதை அறிந்த மனம் சற்றே தணிகின்றது. தணிந்த மனத்துக்கு மறுபக்க நினைவுகள் எட்டுகின்றன. பெக் கூறிய ஆராய்ச்சி அதன் பின்னரே பயன் தரும். திறமையான பெக் வழியினரும் நடைமுறையில் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றனர்.

மனநிலை எவ்வகை நினைவுகளை அழைக்கின்றது என்பதோடு, அவை எத்துணை விவரத்தோடு வருகின்றன என்பதும் முக்கியமானது. 1986இல் மார்க் வில்லியம்ஸும் புரோட்பென்றும் வெளியிட்ட ஆய்வில், உயிர் துறக்க முயன்று மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டிருந்தோரிடம் ஒரு சொல்லைக் கூறி, அதனோடு தொடர்புடைய ஒரு குறித்த நிகழ்ச்சியை நினைவுகூருமாறு கேட்கப்பட்டது. மற்றவர்கள் இன்ன நாள், இன்ன இடம் என்று விடை கூறினர். இவர்களோ பொதுப்படவே விடை கூறினர். 'மகிழ்ச்சி' என்றவுடன், ஆடிவேல் நாளன்று வெள்ளவத்தையில் தங்கையோடு தேர் பார்த்ததை ஒருவர் கூறுவாராயின், சோர்வுற்றவர் "சின்ன வயதில் சந்தோசமாக இருந்தேன்" என்பதோடு நிறுத்திவிடுவார். விவரமற்ற நினைவிலிருந்து இன்றைய இடருக்கு வழி எதனையும் எடுக்க முடியாது. முன்னொருமுறை கடன் தொல்லையிலிருந்து மீண்டது எவ்வாறென்று நினைவில்லாதவருக்கு இன்றைய கடன் முடிவற்றதாகவே தோன்றும். எனவேதான் பயிற்சி பெற்ற துணையாளர், "பெறுபேறு வந்த அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள்? மகன் என்ன சொன்னான்? பிறகு சாப்பிட்டீர்களா?" என்று சிறு விவரங்களைக் கேட்கிறார். வெளியிலிருந்து கேட்போருக்கு இது வம்பளப்புப் போலத் தோன்றலாம்.

முன்னர்க் குறிப்பிட்ட 'தேடிப்பிடித்தல்' பற்றி இனி நோக்குவோம். ஷுவார்ஸ், குளோர் என்போர் 1983இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வெயில் நாட்களிலும் மழை நாட்களிலும் தொலைபேசியில் மக்களை அழைத்து, வாழ்க்கையில் எவ்வளவு நிறைவுடையோராய் இருக்கின்றனர் என்று வினவினர். மழை நாளில் நிறைவு குறைந்திருந்தது. ஆனால் "அங்கு வானிலை எப்படி?" என்று முதலிற் கேட்கப்பட்டோரிடம் அந்த வேறுபாடு மறைந்தது. தமது சோர்வுக்கு மழையே காரணம் என்று கண்டுகொண்டோர், அதனைத் தம் வாழ்க்கைமீது சுமத்தவில்லை. பிற்காலத்தில் மிகப் பெருந்தொகையினரிடம் நடத்தப்பட்ட கணிப்புகள் வானிலையின் இத்தாக்கத்தை உறுதிசெய்யவில்லை என்பதையும் கூறவேண்டும். மழையை நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. எனினும், உணர்வின் ஊற்றை இனங்கண்டு பெயரிடும்பொழுது அது தீர்ப்பின்மீது செலுத்தும் ஆட்சி தளர்கின்றது என்னும் கருத்து துணையாளரின் அன்றாட அனுபவத்தோடு ஒத்துப்போகின்றது.

பெயரிடுதல் நம்மிடையே எளிதன்று. கொழும்பில் அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டமை அனைவரும் அறிந்தது. ஆகையால் துயரம் உடலின் மொழியைக் கடன்வாங்கி வருகின்றது. நெஞ்சு அடைக்கின்றது, தலை இடிக்கின்றது, உடம்பெல்லாம் எரிகின்றது, கைகால் சோர்கின்றன என்று வைத்தியரிடம் முறையிடுவோர் பலர். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தமிழ் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய வடுக்களை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல் இத்துறையில் முன்னோடியானது. உடல்வழி முறையீடுகளுக்குப் பின்னால் உள்ள துயரை வாசிக்கக் கற்பித்தவர்களுள் அவர் முதன்மையானவர். 'நெஞ்சு அடைக்கின்றது' என்பதனைத் துணையாளர் பொய்யென ஒதுக்குவதும் தவறு, இருதய நோயெனக் கொண்டு நிறுத்திவிடுவதும் தவறு. எப்பொழுது அடைக்கின்றது, யார் பெயரைக் கேட்டவுடன் அடைக்கின்றது என்று கேட்கத் தொடங்கும்பொழுது உணர்வு தன் பெயரைத் தானே சொல்கின்றது.

துயரம் ஒன்றையே இதுவரை நோக்கினோம். எல்லா மனவெழுச்சிகளும் சிந்தனையை ஒரே பக்கமாகச் சாய்ப்பதில்லை. ஜெனிபர் லேணர், டாக்கர் கெல்ற்னர் ஆகியோர் 2001இல் காட்டியவாறு, அச்சமுற்றோர் ஆபத்தை மிகுதியாகவும், சினமுற்றோர் குறைவாகவும் மதிப்பிடுகின்றனர். இரண்டும் கசப்பான உணர்வுகளே. எனினும் ஒன்று பின்வாங்கச் செய்கின்றது, மற்றது முன்தள்ளுகின்றது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தபின், கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளைவரை உள்ள மக்கள் இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தனர். முதல் வாரங்களில் அச்சம் ஓர் அறிவுரையாக இருந்தது. கூட்டங்களைத் தவிர்த்தல் நியாயமே. பின்னர் அது தோட்பை சுமந்துவரும் ஒவ்வோர் இளைஞன்மீதும் படர்ந்தது. சினமோ ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கியது. மே மாதத்தில், வத்தளை அமைந்துள்ள அதே கம்பகா மாவட்டத்து மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. 1983 ஜூலையில் எரிந்த கடைகளின் நினைவைச் சுமக்கும் தமிழருக்கு, சினத்தின் கணக்கு எவ்வளவு விரைவிற் பிழைக்கும் என்பதனைப் பிறர் எடுத்துரைக்கத் தேவையில்லை. உளவளத்துணை தனிமனித விவகாரம் என்று கருதுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

மனநிலை கடந்து செல்வது என்பதற்கு இலங்கையே உலகுக்கு ஒரு சான்றாக உள்ளது. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் உயிர்மாய்ப்போர் வீதம் இலட்சத்துக்கு 47 அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக, இருந்தது. 1980களிலிருந்தே கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்யத் தொடங்கிய அரசு, 1995, 1998, 2008 முதலான ஆண்டுகளில் தடைகளை மேலும் விரிவாக்கியது. 2015 வரையான இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ எழுபது விழுக்காடு வீழ்ச்சியுற்றது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இக்காலத்தில் மக்களின் துயரம் எழுபது விழுக்காடு குறைந்தது என்று எவரும் கூறார். போரும் ஆழிப்பேரலையும் இதனுள் அடங்கும். வடமத்திய மாகாணத்தில் நடந்த ஆய்வுகளில், நஞ்சருந்திப் பிழைத்தோருட் பெரும்பாலோர் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே அதுபற்றி எண்ணியிருந்தமை தெரியவந்தது. அந்த அரைமணி நேரத்தில் எதிர்காலம் முழுவதும் ஒரே நிறமாகத் தோன்றியிருக்கும். அதனைக் கடந்தவர்களுக்கு எதிர்காலம் மீண்டும் பல நிறமாயிற்று. இத்தகையோரைக் குற்றவாளிகளாக்கிய தண்டனைச் சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டது என்பது நாணத்தக்க செய்தி. 1974இற் கொழும்பில் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் புத்திமதி கூறாது செவிமடுப்பதையே பணியாகக் கொண்டமை, இந்த அரைமணி நேரத்தை இருவராகக் கடக்கும் முயற்சி எனலாம்.

இத்துணையும் கூறியபின் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. சோர்வுற்றவரின் எண்ணம் யாவும் திரிபு என்று கொள்வது பெரும்பிழை. ஜோர்ஜ் பிறவுணும் ரிறில் ஹரிஸும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, இலண்டன் கம்பர்வெல் பகுதியில் தொழிலாளர் வர்க்கப் பெண்களிடையே மனச்சோர்வு மிகுந்திருப்பதைக் கண்டது. வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள், மனந்திறந்து பேச ஒருவர் இல்லாமை, வெளியில் தொழில் இல்லாமை, சிறுவயதில் தாயை இழந்தமை ஆகியன அவர்களை நலிவுறச் செய்திருந்தன. தொல்காப்பியர் கூறிய இழவும் வறுமையும் அங்கும் நின்றன. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் இரவுமுறை வேலை செய்யும் பெண்ணொருத்தி 'எனக்கு எதிர்காலமில்லை' என்பாளாயின், அதில் எவ்வளவு மனநிலை, எவ்வளவு சம்பளப் பட்டியல் என்று பிரித்தறியாத துணையாளர் அவளுக்கு அநீதி இழைக்கிறார். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1985இல் எழுதிய கட்டுரையொன்று இதனைப் பிறிதொரு கோணத்தில் எழுப்பியது. வாழ்வு துன்பமயமானது, பற்று நிலையற்றது என்னும் எண்ணம் மேனாட்டு மருத்துவருக்கு நோய்க்குறியாகத் தெரியலாம். பௌத்த மரபில் வாழ்வோருக்கு அது தத்துவம். 'எல்லாம் விதி' என்னும் தமிழ்த் தாயின் கூற்றையும் அவ்வாறே இருமுறை சிந்தித்த பின்னரே திரிபென்று குறிக்கலாம். சில வேளைகளில் அது ஒருவரைத் தாங்கி நிற்கும் கொம்பு. சில வேளைகளில் கட்டி வைக்கும் கயிறு.

காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரிடம் இவ்வெல்லை மிகத் தெளிவாகத் தெரிகின்றது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் 'என் பிள்ளை உயிரோடிருக்கிறான்' என்றனர். சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் பெக் முறையை இங்கு எவ்வாறு பிரயோகிப்பது? சான்றுகளைக் கையில் வைத்திருப்போர் அவற்றை வெளியிடவில்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இத்தகைய நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று கூறி, இதற்கு முடிவு தேட முனைவதே துன்பத்தைப் பெருக்கும் என்றார். நம்பிக்கையும் துயரமும் ஒரே மனத்தில் ஒருங்கே குடியிருக்க இடமளிப்பதே துணையாளரால் இயல்வது. எஞ்சியது அரசியலின் கடமை. அதனை உளவளத்துணையின் தலையில் ஏற்றி, தாய்மாரைப் 'பக்குவப்படுத்துமாறு' எதிர்பார்ப்பது நேர்மையன்று.

இறுதியாகத் துணையாளரின் மனநிலை. பவரின் மாணவர்களுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும். நாள் முழுதும் இழப்புக் கதைகளைக் கேட்டவர், மாலையில் வருபவரின் கதையிலும் இழப்பையே முதலிற் கேட்பார். மகன் கணிதத்தில் தவறினாலும் தமிழில் விசேட சித்தி பெற்றான் என்று அத்தாய் போகிறபோக்கிற் சொன்னதை அவர் செவி தவறவிடும். அனுபவம் மிக்கோரின் மேற்பார்வையில் தம் குறிப்புகளை வாரந்தோறும் மீளப்படித்தல் இதற்கென ஏற்பட்ட நடைமுறை. 1987இல் யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்ட சாந்திகம் போன்ற அமைப்புகள் தமிழிலேயே பயிற்சியளித்து இத்தகைய மரபொன்றை வடக்கில் வளர்த்தன. கொழும்பிலும் அதன் வடபுறத்திலும் வாழும் தமிழர் தொகைக்கேற்ற தமிழ்த் துணையாளர் இல்லை. உள்ளோருட் பலர் ஆங்கிலத்திற் கற்று, கேட்டதை ஆங்கிலத்திலேயே குறித்துக்கொள்கின்றனர். 'யோசனை' என்று அத்தாய் கூறியதை, சிந்தனை என்று எழுதுவதா, கவலை என்று எழுதுவதா என அவர்கள் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டியிருக்கின்றது.